டெக் திண்ணை: ஹார்ட் டிஸ்க் சாகலை... கேபிள் வாய்தான் தேஞ்சிருக்கு!

போன தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு, திருச்சி அரியமங்கலத்தில். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்ததும் அம்மா வழக்கம்போல, "அக்கா கல்யாண வீடியோவைப் போடேன்" என்றார்.

பண்டிகை நாளில் எங்கள் வீட்டில் இது ஒரு சடங்கு. அக்காவைப் பார்க்க அல்ல, அப்பாயியைக் கேட்க. 2016-ல் எடுத்த அந்த வீடியோவில், நலங்கு வைக்கும்போது அப்பாயி பாடுகிற பாட்டு மூன்று நிமிடம் வரும். அப்பாயி இப்போது எங்களோடு இல்லை. அவர் குரல் இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். அந்த இடம், சுவரில் மாட்டிய டி.வி-க்குப் பின்னால் ஒரு சாண் கேபிளில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்.

வீடியோ ஓடியது. அப்பாயி முகம் வந்தது. வாயைத் திறந்தார். திரை கறுத்துவிட்டது. 'சாதனம் துண்டிக்கப்பட்டது' என்று டி.வி சொன்னது. அப்பா எழுந்து போய் கேபிளைப் பிடுங்கிச் செருகினார். மறுபடி வந்தது, மறுபடி போனது. நாலாவது முறை வரவே இல்லை. மாமா தீர்ப்பு சொன்னார்: "டிஸ்க் காலி. இதெல்லாம் அஞ்சு வருஷம்தான் உழைக்கும்." அம்மா ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் பார்த்தால், பழைய சார்ஜர், ஓடாத ரிமோட்டோடு அந்த ஹார்ட் டிஸ்க்கும் வாசலில் ஒரு பையில் கிடந்தது. குப்பை வண்டி வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, தெரிந்த ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணன் டிஸ்க்கைத் திறக்கவே இல்லை. மேஜை டிராயரிலிருந்து வேறு ஒரு கேபிளை எடுத்தார். டிஸ்க்கில் ஒரு முனை, கம்ப்யூட்டரில் ஒரு முனை. காதை டிஸ்க் பக்கத்தில் வைத்துக் கேட்டார். பத்து நொடியில் ஃபோல்டர் திறந்தது.

"டிஸ்க் நல்லா சுத்துதும்மா. கேபிள் வாய்தான் தேஞ்சு போச்சு. புதுக் கேபிள் நூத்தி எண்பது ரூபா. ஆனா, அதைக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். இதுக்கு வேற காப்பி இருக்கா?"

இல்லை. அந்த 'இல்லை'யைச் சொன்னபோது வந்த வெட்கத்தில்தான் இந்த வாரத் திண்ணையை எழுதுகிறேன்.

யு.எஸ்.பி வாய்க்கு எத்தனை ஆயுள்?

யு.எஸ்.பி-யின் முதல் பதிப்பு வெளிவந்தது 1996 ஜனவரியில். அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட், குஜராத்தின் வதோதராவில் படித்தவர். அதற்கு முன்பு பிரின்டருக்கு ஒரு வாய், மவுஸுக்கு ஒரு வாய், கீபோர்டுக்கு ஒரு வாய் என்று கம்ப்யூட்டர் முதுகில் ஆளுக்கொரு ஓட்டை இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வாய், மெஷின் ஓடும்போதே செருகலாம், பிடுங்கலாம் என்று மாற்றியது யு.எஸ்.பி-தான்.

செருகலாம், பிடுங்கலாம் சரி. எத்தனை தடவை? அதற்கும் யு.எஸ்.பி தரவிதிகளில் கணக்கு இருக்கிறது. ஒரு முறை செருகி ஒரு முறை எடுத்தால் அது ஒரு சுற்று.

• லேப்டாப்பிலும் டி.வி-யிலும் இருக்கும் செவ்வக வாய், அதாவது யு.எஸ்.பி-ஏ: குறைந்தது 1,500 சுற்று. அதிக உழைப்புக்கான ரகம் என்றால் 5,000.
• பழைய டிஜிட்டல் கேமராக்களில் இருந்த மினி யு.எஸ்.பி: 5,000.
• பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இருந்த மைக்ரோ யு.எஸ்.பி: 10,000.
• இப்போதைய டைப்-சி: 10,000.

நம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பாருங்கள். தினம் ஒரு முறை பென் டிரைவ் செருகி எடுக்கிறீர்கள் என்றால், 1,500 என்பது நாலு வருஷம். ஒரு கல்யாண வீடியோகிராபர் ஒரே போர்ட்டில் ஒரு நாளைக்கு ஐந்து முறை டிஸ்க் மாற்றினால் 300 நாள்தான். டைப்-சி போனை ஒரு நாளைக்கு மூன்று முறை சார்ஜ் போட்டாலும் ஒன்பது வருஷம் வரும்.

இது காலாவதித் தேதி அல்ல. 1,501-வது முறை செருகினால் உடனே செத்துவிடாது. 'இத்தனை முறைக்குப் பிறகும் சரியாக வேலை செய்ய வேண்டும்' என்று சோதனையில் வைத்த குறைந்தபட்ச அளவு அது. நல்ல போர்ட் அதைத் தாண்டியும் உழைக்கும். ஆனால், சோதனையில் மெஷின் நேராகச் செருகி நேராக எடுக்கிறது. டி.வி-க்குப் பின்னால் கையை விட்டுத் தடவித் தடவிச் செருகுகிற நம் அப்பாக்களை யாரும் சோதனைக்கூடத்துக்கு அழைத்துப் போவதில்லை.

எது தேய்கிறது?

யு.எஸ்.பி வாய்க்குள் இருப்பது சின்னச் சின்ன உலோகத் தகடுகள். ஒரு பக்கம் அசையாத தகடு, எதிர்ப்பக்கம் அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு. தொடும் இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க மிக மெல்லிய தங்க முலாம் பூசியிருப்பார்கள். ஒவ்வொரு முறை உரசும்போதும் முலாம் கொஞ்சம் போகும், ஸ்பிரிங்கும் கொஞ்சம் தளரும். முலாம் போன இடத்தில் காற்றும் ஈரமும் பட்டுக் கறை படியும். கறை படிந்தால் மின்சாரம் தடைபடும்.

இதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. பழைய செவ்வக வாயில், முக்கியமான நாலு இணைப்புகளுக்கான ஸ்பிரிங் லேப்டாப் பக்கம் இருக்கிறது. அது தளர்ந்தால் லேப்டாப்பைத்தான் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். மைக்ரோ யு.எஸ்.பி 2007-ல் வந்தபோது இதைத் தலைகீழாக மாற்றினார்கள். ஸ்பிரிங்கும் பிடிப்புக் கொக்கியும் கேபிள் முனைக்குப் போனது. 2014-ல் வந்த டைப்-சி-யிலும் ஸ்பிரிங் கேபிள் முனையில்தான். காரணம் ஒன்றுதான்: தேய வேண்டியது தேயட்டும், அது விலை குறைந்த கேபிளாக இருக்கட்டும்.

சைக்கிளில் ரிம்மைவிட பிரேக் கட்டைதான் சீக்கிரம் தேயும். அதே யோசனைதான்.

நம் ஊரில் அதிகம் விற்ற எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குகளில், டிஸ்க் பக்கம் ஒரு அகலமான, இரண்டு பாகமாகப் பிரிந்த வாய் இருக்கும். அதுவும் மைக்ரோ குடும்பம்தான். அதனால்தான் எங்கள் வீட்டு டிஸ்க் பிழைத்தது. தேய்ந்தது கேபிள். நாங்கள்தான் அது தெரியாமல் டிஸ்க்குக்கே காரியம் செய்யப் பார்த்தோம்.

தேய்வதைவிட மோசம், தொங்குவது

கடைக்கார அண்ணன் என்னிடம் கேட்ட இரண்டாவது கேள்வி: "இது எங்க இருந்துச்சு? டி.வி பின்னாடி தொங்குச்சா?"

எப்படித் தெரிந்தது என்றேன். கேபிள் முனையைக் காட்டினார். ஒரு பக்கக் கொக்கி மட்டும் சாய்ந்திருந்தது. "நேரா சொருவி எடுத்தா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேயும். இது எடை இழுத்து வளைஞ்சது."

சின்ன எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் இருக்கும். கையில் வைத்தால் ஒன்றுமே இல்லை. ஆனால், ஒரு நகக்கண் அளவு வாயில் ராத்திரி பகலாக அது தொங்குகிறது. போகிற வருகிற ஆள் இடித்தால் ஆடுகிறது. பென் டிரைவும் இப்படித்தான். லேப்டாப்பின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும்போது முழங்கை பட்டால், அந்த நீளம் முழுக்க நெம்புகோலாக மாறி உள்ளே இருக்கும் சால்டரிங்கை நெம்பும். ஆயிரம் முறை செருகி வராத பழுது, ஒரு இடியில் வந்துவிடும்.

டிஸ்க் போச்சா, வாய் போச்சா? கண்டுபிடிப்பது எப்படி?

• கேபிளைத் தொட்டால், லேசாகத் திருப்பினால் இணைப்பு வந்து வந்து போகிறதா? பெரும்பாலும் வாய்தான்.
• முன்பு வேகமாக காப்பி ஆனது, இப்போது ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆகிறதா? யு.எஸ்.பி 3.0 வாயில் வேகத்துக்கென்று ஐந்து தனி இணைப்புகள் உண்டு. அவை தொடாமல் போனால், டிஸ்க் பழைய நாலு இணைப்பிலேயே ஓடும். நொடிக்கு 5 ஜிகாபிட் வரை போக வேண்டியது 480 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும்.
• விளக்கு எரிகிறது, ஆனால் டிஸ்க் சுற்ற ஆரம்பித்து நின்றுவிடுகிறதா? மோட்டார் கிளம்பும்போதுதான் அதிக மின்சாரம் வேண்டும். தளர்ந்த வாய் அதைக் கொடுக்காது. வேறு கேபிள், வேறு போர்ட் மாற்றிப் பாருங்கள்.
• நல்ல கேபிள், நல்ல போர்ட் மாற்றிய பிறகும் 'டக் டக்' என்று ஒரே சீராகச் சத்தம் வருகிறதா? அது டிஸ்க்கின் உள் பழுது. உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்ப முயன்றால், மீட்க முடிகிற தகவலும் போய்விடும்.

முதல் மூன்றும் சில நூறு ரூபாய் சமாசாரம். நாலாவதுக்குத்தான் நிபுணர் வேண்டும். மாமா மாதிரி ஆட்கள் நான்கையும் ஒன்றாக்கித் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

வாயைக் காப்பாற்ற ஏழு பழக்கங்கள்

1. பிளக்கின் உடம்பைப் பிடித்து நேராக எடுங்கள். கேபிளைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆட்டி ஆட்டி எடுக்காதீர்கள்.

2. டிஸ்க் தொங்கக் கூடாது. சுவர் டி.வி என்றால், பக்கத்தில் ஒரு சின்னத் தட்டு அடித்து அதன் மேல் வையுங்கள். கேபிளில் ஒரு சின்ன வளைவு தளர்வாக இருக்கட்டும்.

3. ஒரு சிறிய எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டி.வி-யிலோ லேப்டாப்பிலோ நிரந்தரமாகச் செருகிவிடுங்கள். தினசரி செருகுவது, பிடுங்குவது எல்லாம் எக்ஸ்டென்ஷன் வாயில் நடக்கட்டும். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஹார்ட் டிஸ்க்குக்கு என்றால் யு.எஸ்.பி 3.0 ரகமாக, நீளம் குறைவாகப் பார்த்து வாங்குங்கள்.

4. இரண்டு போர்ட் இருந்தால் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எல்லா வேலையையும் ஒரே வாய்க்குக் கொடுக்க வேண்டாம்.

5. செவ்வகப் பிளக் உள்ளே போகவில்லை என்றால், திருப்பிப் பாருங்கள். பலம் காட்டாதீர்கள். இரண்டு பக்கமும் போகிற மாதிரி அன்றே செய்திருந்தால் செலவு கூடியிருக்கும் என்பதால்தான் ஒரு பக்கமாக வைத்தார்கள். அந்த மிச்சத்துக்கு உலகமே முப்பது வருஷமாகத் திருப்பித் திருப்பிச் செருகிக்கொண்டிருக்கிறது!

6. தூசியை எடுக்க ஊக்கு, குண்டூசி, ஹேர்பின் கூடவே கூடாது. டைப்-சி வாய்க்குள் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அதன் இரண்டு பக்கமும் சேர்த்து 24 இணைப்புகள். ஊக்கு அதை உடைத்துவிடும். போனை அணைத்துவிட்டு, மரக் குச்சியால் மெதுவாகப் பஞ்சை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், அது தூசியை இன்னும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

7. எடுக்கும் முன் டிஸ்க்கை முறையாக 'எஜெக்ட்' செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் 2018 அக்டோபர் பதிப்பு முதல், சட்டென்று எடுத்தாலும் பாதகமில்லாத அமைப்புதான் இயல்பாக இருக்கிறது. ஆனாலும் காப்பி ஓடும்போது பிடுங்கினால் ஃபைல் கெடும். டி.வி-யில் பதிவு ஓடும்போதும் அப்படித்தான். இது வாய்க்காக அல்ல, உள்ளே இருப்பதற்காக.

'அப்போ பிடுங்கவே வேண்டாம், செருகியே வெச்சுடலாமா?' என்று கேட்கலாம். ஒரே காப்பி இருக்கும் டிஸ்க்கை அப்படி வைக்காதீர்கள். இடி மின்னலில் டி.வி போனால் டிஸ்க்கும் சேர்ந்து போகும். லேப்டாப்பில் வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்க்குக்கும் வரும். தேவைக்கு எடுப்பதில் தப்பில்லை. தேவையில்லாமல் நாளைக்கு பத்து முறை எடுப்பதுதான் தப்பு.

வாய் உடைந்தே விட்டது என்றால்?

லேப்டாப் போர்ட் என்றால், மாற்ற முடியும். சில மாடல்களில் யு.எஸ்.பி போர்ட் மதர்போர்டிலேயே இருக்கும், சிலவற்றில் தனிச் சின்ன போர்டில் இருக்கும். தனி போர்டு என்றால் செலவு குறையும். 'மதர்போர்டையே மாத்தணும்' என்று யாராவது சொன்னால், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு இன்னொரு கடையிலும் விசாரியுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் வாய் என்றால் கொஞ்சம் கவனம். சிலவற்றில் உறைக்குள் சாதாரண டிஸ்க்கும், அதில் மாட்டிய ஒரு சின்ன இணைப்பு போர்டும் இருக்கும். டிஸ்க்கை எடுத்து வேறு உறையில் போட்டால் வேலை முடிந்தது. வேறு சிலவற்றில் யு.எஸ்.பி வாய் டிஸ்க்கின் சொந்த போர்டிலேயே ஒட்டியிருக்கும். அந்த போர்டில் அந்த டிஸ்க்குக்கே உரிய தகவல்கள் இருக்கும், சிலவற்றில் பூட்டுச் சாவியும் அதில்தான். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு போர்டு மாட்டினால் தகவல் திறக்காது. வாயை மட்டும் சால்டர் செய்து மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். டிஸ்க்கின் உலோக மூடியைத் திறக்க மட்டும் யாரையும் விடாதீர்கள்.

அரியமங்கலத்துக்காரி ஒன்று சொல்லணும்

திருச்சிக்காரர்களிடம் 'அரியமங்கலம்' என்றால், முதலில் நினைவுக்கு வருவது குப்பைக் கிடங்கு. சுமார் 47 ஏக்கர். பல பத்து வருஷமாக மாநகரத்தின் குப்பை அங்கேதான் மலையாகச் சேர்ந்தது. கோடையில் அது பற்றிக்கொண்டால், புகை எங்கள் பக்கம் வரும். ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கிய ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கிறது. பிறகுதான் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, பிரித்து எடுக்கும் 'பயோமைனிங்' பணி தொடங்கியது.

அந்தத் தீபாவளிப் பை என் கண்ணில் படாமல் போயிருந்தால், குப்பையோடு குப்பையாகத்தான் போயிருக்கும். பழைய சர்க்யூட் போர்டுகளில் ஈயம் உண்டு. அது காய்கறித் தோலோடு சேர வேண்டிய பொருளே அல்ல. மின்னணுக் கழிவுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. 2022-ல் அறிவித்த புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உற்பத்தியாளர்களும் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கின்றன. ஆனால், நம் வீட்டு வாசலில் அதைப் பிரித்து வைக்க வேண்டியது நாம்தான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அது நிஜமாகவே கழிவுதானா? 180 ரூபாய் கேபிளுக்காக ஒரு டிஸ்க் குப்பைக்குப் போகிறது. ஒரு சின்ன போர்ட்டுக்காக போன் மாற்றுகிறோம். 'ரிப்பேர் பண்ணிக்கொள்ளும் உரிமை'க்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது. ஐரோப்பிய யூனியன் 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு ஒரே வாய், டைப்-சி-தான் என்று கட்டாயமாக்கியது. ஆப்பிளும் 2023-லேயே ஐபோன் 15-ல் அதற்கு மாறிவிட்டது. ஒரே வாய் என்றால் ஒரே கேபிள் பல பொருளுக்கு உதவும், குப்பை குறையும். அவர்கள் சட்டம் போட்டுக் குறைக்கப் பார்ப்பதை, நாம் ஒரு கேபிளை மாற்றிப் பார்த்தே கொஞ்சம் குறைக்கலாம்.

அப்பாயி இப்போது மூன்று இடத்தில்

கடையிலிருந்து வந்த அன்று ராத்திரியே காப்பி போட்டேன். ஒன்று பழைய டிஸ்க்கில். ஒன்று என் லேப்டாப்பில். இன்னொன்று ஆன்லைன் ஸ்டோரேஜில். மூன்று காப்பி, இரண்டு விதமான இடம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. தகவல் பாதுகாப்பில் எல்லோரும் சொல்கிற பழைய விதி இதுதான். அந்த மூன்று நிமிடப் பாட்டை மட்டும் தனியாக வெட்டி, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். 'டிஸ்க் காலி' என்று சொன்ன மாமாதான் முதலில் கேட்டுவிட்டு, கைகூப்பும் எமோஜி போட்டார்.

அப்பா டி.வி பக்கத்தில் ஒரு மரத்தட்டு அடித்திருக்கிறார். டிஸ்க் இப்போது அதில் உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு அதெல்லாம் பெரிதில்லை. வீடியோவைத் தன் போனிலேயே வைத்துக்கொண்டு, தினம் சமைக்கும்போது ஒரு தடவை கேட்கிறாராம்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு டிராயரில் 'போயிடுச்சு' என்று தூக்கிப் போட்ட ஒரு டிஸ்க்கோ, பென் டிரைவோ இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுங்கள். வேறு கேபிள், வேறு போர்ட்டில் ஒரு முறை செருகிப் பாருங்கள். திறந்தால், முதல் வேலை காப்பி. மற்றதெல்லாம் பிறகு.

அடுத்த வாரம் திண்ணையில் சந்திப்போம்!